வேதக்கோயிலும் பள்ளிக்கூடமும் பதிவேடும்

ஐரோப்பாவில் பழைய தேவாலயங்கள் ஆள் இல்லாமல் காலியாகிக்கொண்டிருக்கின்றன. சிலதை ஓட்டலாக்கிவிட்டார்கள், சிலதைக் குடியிருப்பாக்கிவிட்டார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் கோயில் ஒன்று இருக்கிறது. 1790களில் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்த பிறகு அதில் பூசை நின்றுபோனது. கிடங்காகி, சைக்கிள் போட்டுவைக்கும் இடமாகி, என்னென்னவோ ஆகி, 2006இல் அது புத்தகக் கடையானது. படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டு மனசு. இடிக்காமல் விட்டார்களே என்று ஒரு மனசு, ஜெபம் நடந்த இடத்தில் விலைச்சீட்டு தொங்குகிறதே என்று இன்னொரு மனசு.

நமக்கும் இரண்டு மனசு உண்டு. காரணம்தான் வேறு. கோயிலாக இருந்த கட்டடம் கடையாகலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். சேரியிலிருந்து வேதத்தில் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: அது கோயிலாக இருந்தபோது எங்களை எங்கே உட்கார வைத்தீர்கள்?

ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்திலும் கால் நீட்டிப் படுத்திருக்கிற மலை. மேலே மலையாளிப் பழங்குடி மக்கள், சாமைக் கொல்லை, புளியமரம், வெட்டி வெட்டித் தீர்த்த சந்தனக்காடு, காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற தொலைநோக்கி. கிறிஸ்தவம் இந்த வட்டாரத்தில் கெட்டியாக வேர் பிடித்தது மலையைச் சுற்றியிருக்கிற சமவெளியில்தான். சேத்துப்பட்டு, ஆரணி, திருவண்ணாமலை, திருப்பத்தூர்ப் பக்கத்துச் சேரிகளில். 1876–78இல் வந்த தாது வருஷப் பஞ்சம் அதற்கு ஒரு பெரிய காரணம். சேத்துப்பட்டில் இருந்த பிரெஞ்சுக் குரு தாராஸ் சாமியிடம் பஞ்ச காலத்திலும் அதற்குப் பிறகும் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் பறையர்கள். வடஆற்காட்டில் 1853இலிருந்து வேலை செய்த அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கும், அதாவது ஸ்கடர் குடும்பத்தாரின் மிஷனுக்கும், கிராமத்துச் சபை என்றால் பெரும்பாலும் சேரிச் சபைதான்.

'கூழுக்குச் சேர்ந்தவன்' என்று அன்றிலிருந்து ஒரு ஏச்சு இருக்கிறது. ஊர்க்காரனும் சொன்னான், படித்த தேசியவாதியும் சொன்னான். பசித்தவன் கூழுக்குப் போனான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கூழ் தராமல் சாகவிட்டவன்தானே வெட்கப்பட வேண்டும்! பஞ்சம் தீர்ந்து கூழ் நின்ற பிறகும் திரும்பிப் போகாமல் இருந்தவர்களைப் பற்றி இந்த ஏச்சுக்காரர்கள் வாயே திறப்பதில்லை. அவர்களை அங்கே பிடித்துவைத்தது கூழ் மட்டும்தானா?

பெரிய பங்கு பிடித்துவைத்தது ஒரு கொட்டகை. மண்சுவர், பனை ஓலைக் கூரை, சாணி மெழுகின தரை. ஞாயிற்றுக்கிழமை அது வேதக்கோயில். திங்கட்கிழமை காலையில் அதே இடத்தில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் போட்டார்கள். பல இடங்களில் ராத்திரியானால் லாந்தர் வெளிச்சத்தில் பண்ணையாட்களுக்குப் பள்ளிக்கூடம். உபதேசியார்தான் வாத்தியார், காகிதம் எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து, மழைக்கு ஒதுங்குவது, வெளியூர் விருந்தாளி படுப்பது எல்லாம் அங்கேதான். பயன் மாறிய தேவாலயம் என்று இப்போது புதுமையாகப் பேசுகிறார்களே, சேரியில் அது தினப்படி நடந்தது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று.

அந்தக் கொட்டகைக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது என்று நாமெல்லாம் பேசுகிறோம். அதில் வீட்டுமனைப் பிரச்சினையும் இருக்கிறது. குடிசை நிற்கிற மண்கூட மிராசுதாரனுக்குச் சொந்தம் என்று இருந்தால், அவன் நினைத்தபோது அடுப்பையும் சட்டியையும் வெளியே எறியலாம். மனையே தனக்கில்லாதவன் சேர்ந்து கும்பிட, சேர்ந்து படிக்க நான்கு சுவர் எழுப்பினான் என்பது பக்தி விஷயம் மட்டும் இல்லை. ஊருக்கு அது சவாலாகத் தெரிந்தது. சேரிக்காரன் கூடிப் பேச ஒரு கூரை!

பிறகு காசு சேர்ந்து, வெளிநாட்டு உதவியும் வந்து, பல ஊர்களில் காரைக் கட்டடம் எழும்பியது. மணிக்கூண்டு, வண்ணக் கண்ணாடி, பீடம். நல்லதுதான். நம்ம ஆளுங்க கல்லும் மண்ணும் சுமந்து கட்டின கோயிலைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்ததை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் கோயில் கோயிலாக மட்டும் ஆனபோது பள்ளிக்கூடம் அதை விட்டு வெளியே போனது. வாரத்தில் ஆறு நாள் கதவு பூட்டிக்கிடந்தது. என்னைக் கேட்டால், வேதக்கோயில் கட்டடத்துக்கு நேர்ந்த முதல் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். கொட்டகை காரைவீடானதை வளர்ச்சி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரிப் பள்ளிக்கூடம் எப்போது நின்றது என்று எழுதி வைக்கவில்லை.

மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் வேறு மாதிரியான ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். 1921இல் மருத்துவர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரரான மருத்துவர் பாரஸ்டர் பேட்டனும் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆரம்பித்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரனும் இந்தியனும் சமமாக இருந்து கதர் கட்டி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த இடம். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கட்டிய ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியில், கோபுரமும் தூண்களுமாக நிற்கிறது. கிறிஸ்தவம் மேல்நாட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு இந்த மண்ணின் உடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

எந்த மண்ணின் உடுப்பு என்பதுதான் கேள்வி. 1921இல் திருவண்ணாமலைக் கோபுரம் சேரிக்காரனுக்கு என்ன சொன்னது? தூரத்தில் நில் என்று சொன்னது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் போக 1939 ஆக வேண்டியிருந்தது. எல்லாக் கோயிலுக்குமான சட்டம் 1947இல்தான் வந்தது. நம்மை வெளியே நிறுத்திய அதே வடிவத்தை இந்தியப் பண்பாடு என்று கிறிஸ்தவர்கள் எடுத்து வைத்துக்கொண்டால், அந்தப் பண்பாட்டில் நம்முடைய பங்கு எது? ஊரம்மன் கல்லா, பனை ஓலைக் கூரையா, பறையா? ஒன்றும் சேரவில்லை. இருந்தாலும் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோபுரத்தின் கீழே நுழைந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்து போ என்று சொல்ல ஆள் இல்லை. கோபுரம் அதே கோபுரம், வாசல் வேற வாசல். இதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று கேட்டால் இரண்டும்தான்.

பறையைச் சொன்னேன். வேதத்தில் சேர்ந்தவர்களிடம், அது பேய்க்கு அடிக்கிறது, சாவுக்கு அடிக்கிறது, விட்டுவிடு என்று மிஷன் சொன்னது. இழிதொழிலிலிருந்து விடுதலை என்று நம்மவர்களில் பலரே விரும்பிக் கீழே வைத்தார்கள். அதையும் மதிக்க வேண்டும். பின்னால் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியர் தியோபிலஸ் அப்பாவு, நமக்கெல்லாம் பரட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 'சாவு மோளத்தைக் கோயிலுக்குள்ளயா?' என்று முகம் சுளித்தவர்களில் சேரியிலிருந்து படித்து மேலே வந்தவர்களும் இருந்தார்கள். கட்டடம் மாறவில்லை. உள்ளே கேட்கிற சத்தம் மாறியது. அதற்கே இவ்வளவு பாடு.

இனி உட்காரும் இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் தொடங்கிய தரங்கம்பாடிக்கே போக வேண்டும். சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையானது. சிலுவை வடிவக் கட்டடம். அங்கே 18ஆம் நூற்றாண்டில் சூத்திரக் கிறிஸ்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள், பறையர் கிறிஸ்தவர்கள் வெறுந்தரையில், இடைவெளி விட்டு. ஒரே கூரை, ஒரே பிரசங்கம், கீழே பாய் மட்டும் வேறு.

அதே சபையில் ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர். தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்தவர். கத்தோலிக்கராயிருந்து 1720களின் கடைசியில் லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சாவூர்ச் சீமையில் சபையை உண்டாக்க அவரைப் போல உழைத்தவர்கள் குறைவு. 1733இல் ஆரோன் என்கிற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்த பட்டத்துக்கு ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. பறையன் கையால் வேளாளர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று அவரை ஒதுக்கிவிட்டு 1741இல் தியோகுவுக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் சாகிறவரை உபதேசியாராகவே இருந்தார்.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகமானது. ஜெர்மனியின் ஹாலே நகரத்து நிறுவனமும் தமிழ் லுத்தரன் திருச்சபையும் சேர்ந்து செய்த வேலை. தரங்கம்பாடி முழுக்கவே இப்போது பாரம்பரியச் சுற்றுலா ஊர். டேனிஷ் கோட்டை, பழைய பங்களாக்கள், கடற்கரை. முதல் அச்சுக்கூடம், முதல் தமிழ் புதிய ஏற்பாடு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது அந்தப் பாய்தான். இந்தப் பக்கம் பாய், இந்தப் பக்கம் தரை என்று காட்டுங்கள். எங்க பாட்டன் உட்கார்ந்த தரைக்குமேல் கண்ணாடிப் பெட்டியில் பைபிளை மட்டும் வைத்தால் அது பாதிச் சரித்திரம்.

மிஷன்காரர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்றும் எழுதக்கூடாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதியைக் கண்டித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும், மெதுவாகப் போகட்டும் என்று விட்டுப்பிடித்தது. அதைப் பொறுக்காமல் அந்த மிஷனை விட்டு வெளியேறியவர் கார்ல் ஓக்ஸ். மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. அந்த மிஷன்தான் பின்னால் திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று ஜவ்வாது மலையடி வரைக்கும் வந்தது. எங்க பக்கத்து டேனிஷ் மிஷன் கட்டடங்களைப் பார்க்கிறபோது வெள்ளைக்காரன் கட்டினது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதன் அஸ்திவாரத்தில் சாதிச் சண்டை ஒன்று கிடக்கிறது.

சாதியையே கல்லில் கட்டிவைத்த கோயிலைப் பார்க்க நெல்லைச் சீமைக்குப் போக வேண்டும். வடக்கன்குளம். நீலகண்டன் தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த ஊரில் வேளாளரும் அவர்களோடு சேர்ந்த சாதிகளும் ஒரு பக்கம், நாடார்கள் ஒரு பக்கம். 1872இல் கட்டின கோயிலையே இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டினார்கள், கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி. இவர்களுக்கு ஒரு கால், அவர்களுக்கு ஒரு கால், சேருமிடத்தில் பீடம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே சாமியாரைப் பார்க்கலாம். கொத்தனாருக்கு என்ன கணக்குச் சொல்லிக் கட்டியிருப்பார்களோ!

1910இல் கௌசானல் என்கிற பிரெஞ்சு இயேசுசபைக் குரு அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. தங்களுக்கென்று கோயிலில் தனியிடம் உரிமை என்று வாதம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆ.சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். பழைய கட்டடத்தைத் தொடாதே, பாரம்பரியம், அப்படியே காப்பாற்று என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தச் சுவரும் பாரம்பரியம்தான். காப்பாற்றியிருக்க வேண்டுமா? தேவாலயத்துக்குள் நடந்த இடிப்புகளில் நான் கையெடுத்துக் கும்பிடுகிற இடிப்பு அது. ஆனாலும் அந்தச் சண்டை வேளாளருக்கும் நாடாருக்கும் நடந்த சண்டை. கால்சட்டைக்கு இரண்டு கால்தான் தைத்தார்கள். பறையனுக்கும் பள்ளனுக்கும் மூன்றாவது கால் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சுவர் எடுத்து நூறு வருஷம் ஆவதற்குள் இறையூர் வந்தது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், புதுவை–கடலூர் மறைமாவட்டம். ஜெபமாலை மாதா கோயில் பெரிய கோயில். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு. தலித் பிணம் முக்கிய வீதி வழியாகப் போகக்கூடாது, சவ வண்டி வேறு, கல்லறை வேறு. பொறுத்துப் பார்த்துவிட்டு நம்மவர்கள் தங்கள் குடியிருப்பில் சகாய மாதாவுக்கு எழுப்பிய கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி கலவரம். தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் செத்தார்கள்.

சின்னக் கோயிலைப் பங்குக்கோயிலாக்கு என்பதும் ஒரு கட்டடத்துக்குப் புதிய பயன் கேட்பதுதான். அப்போது தோழர்களிடையே பெரிய விவாதம் நடந்தது. வடக்கன்குளத்தில் சுவரை இடித்ததைக் கொண்டாடுகிற நாம் இறையூரில் தனிக்கோயில் கேட்கலாமா? தனியாகப் போனால் சாதியை ஒத்துக்கொண்டதாக ஆகாதா? மேலே இருப்பவன் தன் பக்கத்தைக் காப்பாற்றச் சுவர் கட்டுவதும், கீழே மிதிபடுகிறவன் மூச்சுவிட ஒரு கூரை கேட்பதும் ஒன்று என்று எனக்குப் படவில்லை. அதே நேரத்தில் பெரிய கோயிலை அவர்களுக்கே விட்டுக்கொடுத்து வருகிறோமே என்ற எரிச்சலும் போகவில்லை. அந்தக் கோயில் மணியும் நம்ம வியர்வையில் தொங்குகிறதுதானே.

கடல் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. லண்டன் ஈலிங்கில் ஈழத் தமிழர்கள் பழைய கிறிஸ்தவ ஜெபவீடு ஒன்றைக் கனகதுர்க்கை அம்மன் கோயிலாக ஆக்கினார்கள். தெருவின் பெயர் இன்னும் சாப்பல் ரோடுதான். அகதியாகப் போன ஜனங்களுக்கு அது ஆறுதல் தந்த இடம், அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே விடு என்று நின்ற தாழ்த்தப்பட்ட மக்களை மறித்தவர்கள் யார் என்பது நமக்கு மறக்காது. வெள்ளைக்காரன் கைவிட்ட சர்ச்சில் அம்மனைக் குடிவைத்ததைப் பற்றி யாராவது மனசு உருகி எழுதினால், மாவிட்டபுரத்து வாசலையும் அந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கட்டடங்களைப் பற்றி இவ்வளவு பேசினேன். உண்மையில் எனக்குப் பதைப்பு அதற்குள் இருக்கிற ஒரு பொருளைப் பற்றித்தான். ஞானஸ்நானப் பதிவேடு. பிள்ளைகள் குறைந்து மிஷன் ஆரம்பப் பள்ளிகள் பூட்டப்படுகிற காலம் இது. பழைய கோயிலை இடித்துப் பெரிய கோயில் கட்டுகிறார்கள், கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள், வணிக வளாகமும் கட்டுகிறார்கள். கட்டட நிதி, திறப்பு விழா, கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பது வரைக்கும் சபையில் சண்டை நடக்கிறது. பழைய அலமாரி எங்கே போனது என்று கேட்கிறவர் இல்லை. அந்த அலமாரியில்தான் தாது வருஷத்துக்குப் பிறகு சேர்ந்த நம் பூட்டன் பூட்டியின் பெயர் இருக்கிறது. மிராசுதாரன் கணக்கில் அவர்கள் தலை எண்ணிக்கை, ஆளுக்கு இத்தனை மரக்கால் கூலி. பதிவேட்டில்தான் அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், ஊர், தேதி என்று மனுஷராக வரிசையில் நிற்கிறார்கள். சில பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் இருக்கிறது. அதுவும் இருக்கட்டும், அதுவும் சாட்சி.

அந்தப் பதிவேடு நமக்கு எதிராகவும் திரும்பும். 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் விட்டுவிட்டார்கள். 2022இல் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில், புதுச்சேரியில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொன்னது. அவருக்கு எதிராக வைக்கப்பட்ட ஆதாரங்களில் குழந்தையாக இருந்தபோது நடந்த ஞானஸ்நானத்தின் பதிவும் ஒன்று.

அதனால்தான் நம்ம வீடுகளில் சிலர் அந்தப் பதிவேடு கரையான் அரித்துப் போனாலும் நல்லதுதான் என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. பிள்ளைக்கு வேலை வேண்டும். பூட்டனின் பெயர் இருக்கிற ஒரே தாளும் அதுதான். ஜவ்வாது மலையடியில் எந்தச் சபையாவது பழைய கோயிலை இடிக்கவோ மாற்றவோ தீர்மானம் போட்டால், தலித் இளைஞர்கள் முதல் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்: அந்த நோட்டு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, அதை யார் யார் பார்க்கலாம்?